கதை காட்டிய வழி: ஹந்தானையிலிருந்து பாவாதமலை வரை

கண்டி நகரத்திலிருந்து ஹந்தானை வீதியில் ஏறிப் போனால், 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று வரும். இப்போது அது தேயிலை நூதனசாலை. அந்த இடத்தில்தான் ‘பீக்கோ ட்ரெயில்’ எனப்படும் நெடுந்தூர நடைவழி தொடங்குகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஹந்தானையில் தொடங்கி கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று தேயிலை மலைகளுக்குள் புகுந்து, ஹப்புத்தளை, எல்ல வரை போய்த் திரும்பி, நுவரெலியாவில் முடிகிறது. இலங்கையில் நீண்ட காலம் சுற்றுலாத் துறையில் இருந்த மிகல் குனாட் என்ற ஸ்பானியர் இதைத் திட்டமிட்டார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. புதிதாக வெட்டிய பாதை இதில் அதிகமில்லை. தேயிலைத் துரைமாரும் தோட்டத் தொழிலாளரும் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பயன்படுத்திய ஒற்றையடிப் பாதைகளையும் வண்டிப் பாதைகளையும் ஒன்றோடொன்று கோத்து, அடையாளம் இட்டு, வரைபடமாக்கியதே இங்கு நடந்த வேலை.

பீக்கோ என்பது தேயிலைத் தரத்தின் பெயர். வெள்ளை மென்மயிர் படர்ந்த இளந்துளிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே இந்த வழிக்குப் பெயர் கொடுத்தது தேயிலை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பாடசாலை மாணவர் சிலரோடு முதற் கட்டத்தை, ஹந்தானையிலிருந்து கலஹா வரை, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நடந்த நாளில் ஒரு பையன் கேட்டான்: “சேர், இந்தப் பாதையில எங்கட ஆக்கள் யாருமே நடக்கல்லியா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை. பதில் ஒரு வரியில் முடியாது. நடைவழி என்றால் என்ன, அதைக் கதை எப்படி உண்டாக்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கற்பனை நாட்டுக்கு உண்மையான மண்

ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் பெயரை இன்றைய பிள்ளைகள் சினிமா மூலமாவது அறிவார்கள். 1937இல் ‘ஹொபிட்’, 1954–55இல் ‘மோதிரங்களின் தலைவன்’ என்ற மூன்று பாகப் பெருங்கதை. அவர் படைத்தது உலகப் படத்தில் இல்லாத ஒரு நாடு. ஆனால் அந்த நாட்டுக்கு மண் எடுத்த இடங்கள் உலகப் படத்தில் இருக்கின்றன. பேர்மிங்ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில், சேர்ஹோல் என்ற சிற்றூரில், ஒரு தண்ணீர் ஆலைக்கு எதிரே அவர் சிறுவனாக வாழ்ந்தார். கதையில் குள்ளர்கள் வாழும் பசுமையான ஊர் அங்கிருந்து பிறந்தது. 1911இல், பத்தொன்பது வயதில், சுவிற்சர்லாந்து மலைகளில் ஒரு கூட்டத்தோடு கால்நடையாகச் சுற்றினார். லவுற்றர்புறுன்னன் என்ற பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறைகளும் அருவிகளும் பிற்காலத்தில் அவர் கதையில் ஒரு மறைவிடமாக வந்தன.

இப்போது வாசகர்கள் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். எழுத்தாளர் நிலத்திலிருந்து கதைக்குப் போனார். வாசகர் கதையிலிருந்து நிலத்துக்கு வருகிறார். இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் ஹேர்ஸ்ற் கிறீன் என்ற கிராமத்தைச் சுற்றி ‘டோல்கீன் வழி’ என்று ஒரு நடைபாதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருடைய மகன் அங்கே படித்ததால் அவர் வந்து தங்கிய பகுதி அது. அந்த ஆற்றையும் படகுத் துறையையும்தான் அவர் கதையில் எழுதினார் என்பதற்கு முழுமையான ஆதாரம் கிடையாது. இருந்தும் மக்கள் நடக்கிறார்கள், கிராமத்துக் கடைகளில் தேநீர் குடிக்கிறார்கள், ஆற்றங்கரையில் நின்று ‘இதுதான் அது’ என்கிறார்கள்.

ஒரு நடைவழி உருவாக மூன்று பொருள் தேவை என்று இதிலிருந்து விளங்குகிறது. முதலாவது, கால் வைக்க இடம். இரண்டாவது, அந்த இடத்தைப் பற்றி ஒரு சொல், அதாவது கதை. மூன்றாவது, அந்தக் கதையைத் தன்னுடையதாக எண்ணி நடக்கும் ஒரு கூட்டம். முதலாவது எல்லா ஊரிலும் உண்டு. மற்ற இரண்டும் இல்லாவிட்டால் பாதையில் புல் முளைத்துவிடும்.

தமிழுக்கு இது புதிதல்ல

தமிழ் படித்தவர்களுக்கு இதைக் கேட்டதும் ஆற்றுப்படை நினைவுக்கு வரும். ஆறு என்றால் வழி. பரிசு பெற்று வரும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் ஏழைக் கலைஞனுக்கு ‘இந்த வழியாகப் போ’ என்று சொல்லுவதே அந்த வகை. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு முழு மலைப் பாதையையும் சொல்கிறது. பெருங்கௌசிகனார் பாடியது. நன்னன் என்ற தலைவனிடம் கூத்தர்களை அனுப்பும் பாட்டு. எங்கே வழுக்கும், எங்கே பொறி வைத்திருப்பார்கள், இரவில் எந்தக் குகையில் தங்கலாம், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றெல்லாம் வருகிறது. இன்றைக்கு வெளிநாட்டார் கைத்தொலைபேசியில் பார்த்து நடக்கும் வழிகாட்டிக் குறிப்புக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் இன்றும் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீரநாராயண ஏரிக்கரையைத் தேடிப் போகிறார்கள்.

எங்கள் இலக்கியத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போது மலையில் மழை பெய்கிறது, வெள்ளம் பெருகி வயலில் பாய்கிறது, நெல் விளைகிறது. மக்காவின் மணலைக் கண்ணால் காணாத புலவர், தான் கண்ட தமிழ் மருத நிலத்தை எடுத்து அங்கே விரித்தார். தமிழ்க் காப்பிய மரபு அப்படித்தான் கேட்டது என்பது உண்மை. ஆனாலும் எனக்கு அதில் ஒரு அன்பு தெரிகிறது. தூரத்திலுள்ள புனித நாட்டைத் தன் வீட்டு முற்றத்துக்கு அழைத்து வந்தார். டோல்கீன் தன் சிறுவயதுக் கிராமத்தைக் கற்பனை நாடாக்கியதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

கண்டியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1838இல் இந்த நகரத்தில் பிறந்த சித்திலெவ்வை, 1885இல் ‘அஸன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுவது அது. அதன் களம் கண்டியல்ல. எகிப்தின் காய்ரோவும் இந்தியாவின் பெருநகரங்களும். மலை சூழ்ந்த இந்த நகரத்து மனிதர் கற்பனையால் நைல் நதிக்கரைக்கு நடந்து போயிருக்கிறார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1883இல், எகிப்தின் உறாபி பாஷாவை ஆங்கிலேயர் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். பின்னர் கண்டியிலும் பாஷா வாழ்ந்தார்; அவர் பெயரில் ஒரு நூதனசாலை இன்றும் இங்கே உண்டு.

சரந்தீப் என்ற கதை நிலம்

நாம் வெளியே கற்பனை செய்தது ஒருபக்கம். வெளியார் எங்கள் மலைகளைக் கற்பனை செய்தது அதைவிடப் பழையது.

கி.பி. 851 அளவில் எழுதப்பட்ட அரபு வணிகர் குறிப்பொன்று, சரந்தீபிலுள்ள அர்-ரஹூன் என்ற மலையில் ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவடு உள்ளதாகக் கூறுகிறது. அந்த மலையைத்தான் நம் மூத்தவர்கள் பாவாதமலை என்கிறார்கள். சிங்களவருக்கு ஸ்ரீபாத, தமிழ் இந்துக்களுக்குச் சிவனொளிபாதமலை. உயரம் 2,243 மீற்றர். கடலில் வந்த அரபு மாலுமிக்கு இலங்கையின் முதல் அடையாளமே அந்தக் கூர்மையான சிகரம்தான்.

ஆயிரத்தொரு இரவுகளில் சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் கப்பல் உடைந்து, மலையைக் குடைந்து ஓடும் ஆற்றில் தெப்பம் கட்டிப் போய் சரந்தீபில் கரையேறுகிறான். அந்நூலை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சில் தந்த கலான் என்பவரின் பாடத்தில், சரந்தீபின் தலைநகரம் தீவின் நடுவே, மிக உயர்ந்த மலை சூழ்ந்த அழகான பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கிறது. ஆதம் நபியின் மலைக்கும் சிந்துபாத் போய்வருகிறான். வாசித்துக் காட்டினால் எந்தப் பிள்ளையும் “சேர், இது கண்டிதானே!” என்று சொல்லும். கண்டி தலைநகரானது பிந்திய காலத்தில்தான். ஆகவே கதைக்காரர் கண்டியை எழுதினார் என்று நாம் சொல்லக்கூடாது. ஆனால் மலைநாடு எப்படியோ அந்தக் கதையின் காதுக்கு எட்டியிருக்கிறது.

அமீர் குஸ்ரூ 1302 அளவில் பாரசீகத்தில் எழுதிய ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ காவியத்தில் சரந்தீப் மன்னனின் மூன்று மகன்மார் வருகிறார்கள். அந்தக் கதை இத்தாலி வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. அதைப் படித்த ஹொறஸ் வோல்போல் என்ற ஆங்கிலேயர் 1754இல், தேடாமலே நல்லது கைக்கு வருவதைக் குறிக்க ‘செரண்டிப்பிற்றி’ என்ற சொல்லை உண்டாக்கினார். நம் தீவின் அரபுப் பெயர் இன்று உலகம் முழுவதும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

இப்னு பதூதா நடந்த வழி

கதை ஒருபுறம் இருக்க, நடந்து பார்த்துச் சொன்ன மனிதர் இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டவர் புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கே ஆட்சியிலிருந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: ஆதம் பாதத்தைப் பார்க்க வேண்டும். மன்னர் பல்லக்கும் துணையும் கொடுத்தார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர், வேறு பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். ஒரு முஸ்லிம் பயணியை ஆதம் மலைக்கு அழைத்துப் போக யோகிகளும் பிராமணரும் கூடவே நடந்த அந்தக் காட்சியை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சிலாபம் வழியாக அவர் குனகார் என்ற அரச நகருக்கு வருகிறார். அது குருணாகல் என்பார் சிலர், கம்பளை என்பார் சிலர். கம்பளை அந்தக் காலத்தில் அரச நகராகிக்கொண்டிருந்தது. அவர் வந்த அதே 1344இல்தான் கண்டிக்கு அருகே கடலாதெனிய, லங்காதிலக என்ற இரண்டு விகாரைகள் கட்டப்பட்டன. லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. இதையும் எங்கள் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும்.

குனகாருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்க் உஸ்மான் என்பவரின் பள்ளி இருந்ததாக இப்னு பதூதா கூறுகிறார். மன்னரும் மக்களும் அவரைக் கண்ணியப்படுத்தினார்கள். மலைக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டியும் அவரே. பசுவை அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன என்பதையும் அதே பயணநூல் சொல்கிறது. அதற்கு உரிய தண்டனை மரணம். மரியாதையின் பேரில் குறைத்தார்களாம். பிறகு சந்தை வருமானத்தில் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்கினார்களாம். அவருக்குப் பின் பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டிகளானார்கள். சகவாழ்வு பற்றி மேடையில் பேசுகிறவர்கள் முதற் பாதியை மட்டும் சொல்வார்கள், கோபத்தில் பேசுகிறவர்கள் இரண்டாம் பாதியை மட்டும். இரண்டும் சேர்ந்ததுதான் வரலாறு.

மலைக்கு இரண்டு பாதைகள்: பாபா பாதை, மாமா பாதை. ஒன்று ஆதமுடையது, மற்றது ஹவ்வாவுடையது. மாமா பாதை இலகு. ஆனால் அதனால் ஏறியவரை ஸியாரத் செய்தவராக யாரும் எண்ணுவதில்லை. பாபா பாதை கடினம். பாறையில் பத்துச் சங்கிலிகள். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர், ஏனெனில் அங்கிருந்து கீழே பார்ப்பவன் பயத்தில் கலிமாச் சொல்லுவான். கிழ்ர் (அலை) பெயரில் ஒரு குகை. வழியில் தாவிப் பிடிக்கும் அட்டைகள். அதற்காக எலுமிச்சம்பழம் எடுத்துப் போவார்கள், அட்டை மேல் பிழிந்தால் விழுந்துவிடும். ஹந்தானையில் எங்களுக்கு வேலை செய்ததும் அதே எலுமிச்சம்பழம்தான். உப்பும் சவர்க்காரமும் கூடக் கொண்டுபோனோம்.

இந்த நூலில் எல்லாம் கண்ணால் கண்டதல்ல. பயணம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் அவர் சொல்ல இப்னு ஜுஸை எழுதி 1355இல் முடித்த நூல் இது. குரங்குகளின் அரசன், அதற்குக் கோல் பிடித்த காவலாளிக் குரங்குகள் என்றெல்லாம் வருகிறது. யானைக் கதையும் அப்படி. ஷீராஸின் பெரிய ஷெய்க் இப்னு கஃபீஃப் தோழர்களோடு மலைக்குப் போனாராம். பசியால் தோழர்கள் யானைக் குட்டியைத் தின்றார்கள், ஷெய்க் தின்னவில்லை. இரவில் யானைகள் வந்து மணந்து பார்த்துத் தின்றவர்களைக் கொன்றன. ஷெய்க்கை முதுகில் ஏற்றி ஊரில் விட்டன. அதன் பிறகே இவ்வூரார் முஸ்லிம்களை மதித்து வீட்டில் ஏற்றார்களாம். இப்னு கஃபீஃப் கி.பி. 982இல் வபாத்தானவர். யானைக் குட்டியைத் தின்றவர்களின் கதையை மௌலானா ரூமியும் இப்னு பதூதாவுக்கு முன்பே மஸ்னவியில் சொல்லியிருக்கிறார், இந்துஸ்தானத்தில் நடந்ததாக. ஆக, அலைந்து திரிந்த ஒரு கதை எங்கள் மலையில் வந்து தங்கியிருக்கிறது. இதைப் பொய் என்று தள்ளுவதை விட, ‘ஏன் இங்கே வந்து தங்கியது?’ என்று கேட்பது பயனுள்ளது. அந்நியரை வீட்டில் ஏற்றுக்கொள்ளும் ஊர் ஒன்றைப் பார்த்தவர்கள், அதற்கு ஒரு காரணம் தேடியிருக்கிறார்கள். கதை காரணத்தைக் கொடுத்தது.

இந்த வழியைப் பிற சமயத்தவரும் பேணினார்கள். முதலாம் விஜயபாகு (1055–1110) யாத்திரிகருக்கு அன்னசாலைகள் வைத்ததை அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவப்பதிராஜ, கம்பளை வழியில் பாலங்கள் கட்டினார். கம்பளைக் கஹட்டப்பிட்டியப் பள்ளியில் உள்ள ஸியாரத்தை, ஆதம் மலைக்கு வந்த ஒரு பெரியாரோடு இணைத்து ஊரார் சொல்வதுண்டு.

தவலக்காரர் பாதை

இனி அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

பீக்கோ வழியின் மூன்றாம் கட்டம் லூல்கந்துரவிலிருந்து இறங்கித் தவலந்தென்னவில் முடிகிறது. லூல்கந்துர எல்லாருக்கும் தெரியும்: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம். தவலந்தென்னவின் பெயரைத்தான் யாரும் நின்று யோசிப்பதில்லை. தவலம் என்றால் பொதி மாட்டுக் கூட்டம். தென்ன என்பது சிங்களத்தில் சமதரை. பொதி மாடுகள் அவிழ்த்து விட்டு இளைப்பாறிய இடம்.

கண்டி இராச்சியத்தில் நல்ல தெருக்கள் இல்லை. மன்னர்கள் அதை விரும்பவும் இல்லை, பகைவர் படை வந்துவிடும் என்று. பொருள்கள் மாட்டின் முதுகில்தான் போய்வந்தன. மேலிருந்து பாக்கு, மிளகு, ஏலம். கீழிருந்து உப்பு, கருவாடு, புடைவை. இந்தப் போக்குவரத்துக்கு அரசில் ‘மடிகே’ என்று ஒரு பகுதியே இருந்தது. அதில் பெரும்பங்கு முஸ்லிம்களுடையது. கலகெதரப் பக்கத்தில் மடிகே என்ற முஸ்லிம் ஊர் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டிய முஸ்லிம்களைச் செனரத் மன்னர் ஏற்றுக் குடியமர்த்தினார். நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் அனுப்பினார். அரச சபையில் முஸ்லிம் வைத்தியர்கள் இருந்தார்கள். இவற்றையெல்லாம் ஒரு நூலாகத் தொகுத்து 1994இல் தந்தவர் சிங்கள வரலாற்றுப் பேராசிரியை லோனா தேவராஜா என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

1820களில் ஆங்கிலேயர் கொழும்பு–கண்டி வீதி போட்டார்கள். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. லூல்கந்துரவில் தேயிலை வந்த அதே ஆண்டு. மாட்டு முதுகு தோற்றது. தவலக்காரரின் பிள்ளைகள் கடைக்காரர்களானார்கள். பாதை தேயிலைக்குப் போயிற்று, ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியது.

இங்கே வேறொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே இந்த மலைக்கு வந்தார்கள். கொலராவாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர்கள் எத்தனையோ பேர். இந்த நாட்டின் மிகக் கொடிய நெடுநடை அதுதான். பீக்கோ பாதையைத் தேய்த்து உண்டாக்கிய கால்கள் அவர்களின் பிள்ளைகளுடையவை. மன்னார்ப் பக்கத்துக்கு எதிர்த்திசையில் நடந்த ஒருவர் றொபேட் நொக்ஸ். 1660இல் பிடிபட்டு, கண்டி மலைகளில், கடைசியில் உடுநுவரவின் எலதெத்த என்ற ஊரில் வாழ்ந்து, ஊர் ஊராகச் சாமான் விற்பவர் போல் நடந்து பாதை படித்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பினார். 1681இல் வந்த அவருடைய நூல், ‘றொபின்சன் குறூசோ’ எழுதிய டெஃபோவுக்கு உரமாயிற்று என்பார்கள். ஆங்கிலப் புகழ்பெற்ற ஒரு கற்பனைத் தீவுக்கும் உடுநுவர மண் கொஞ்சம் போயிருக்கிறது.

ஏன் இது வெறும் சுற்றுலா விடயமல்ல

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் எங்கள் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் எரிந்ததை வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அதன் பின் வகுப்பறையில் நான் கண்டது ஒன்று. பிள்ளைகள் இந்த மலைநாட்டைத் தங்களுடையது என்று உரத்துச் சொல்லத் தயங்குகிறார்கள். ‘நாங்க வியாபாரத்துக்கு வந்த ஆக்கள்தானே’ என்று பதினைந்து வயதில் ஒரு பிள்ளை சொன்னால், அது அடக்கமல்ல. தன் பாட்டன் நடந்த பாதையைப் பார்க்காத கண்ணின் பேச்சு.

இதற்கு மருந்து, ‘நாங்கள்தான் முந்தி வந்தோம்’ என்று போட்டி போடுவதல்ல. அதைச் செய்தால் எதிர்த்தரப்பின் பாஷையை நாமும் பேசியவர்களாவோம். ஒரே பாதையில் புத்த பிக்குவும் யோகியும் ஃபகீரும் தவலக்காரரும் தோட்டத் தொழிலாளியும் நடந்தார்கள் என்பதே இந்த மலை சொல்லும் செய்தி. அதைக் காலால் படிக்கும் பிள்ளைக்கு மேடைப் பேச்சு தேவைப்படாது.

ஆகவே ஒரு யோசனை. பெரிய நிதி வேண்டாம், பலகைகூட வேண்டாம். முதல் நாள் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க. வயல் வரம்புகள் வழியாக நடந்து தவுலகலைப் பக்கம் வரலாம். 1344ஐயும் நொக்ஸையும் அங்கே சொல்லலாம். இரண்டாம் நாள் கம்பளை, கஹட்டப்பிட்டிய, மகாவலிக் கரை. மூன்றாம் நாள் உலப்பனை தாண்டி அம்பகமுவப் பக்கம், விஜயபாகுவின் கல்வெட்டு. பெரியவர்கள் விரும்பினால் மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரையுள்ள யாத்திரைக் காலத்தில் மலைக்கே போகலாம். வேறொரு வாரம் லூல்கந்துரவிலிருந்து தவலந்தென்னவுக்கு இறங்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, அட்டையும் குறைவு.

நடத்திப் போகும் ஆசிரியர் ஒரு ஒழுங்கைக் கைவிடக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் மூன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: இது கல்வெட்டிலும் ஆவணத்திலும் உள்ளது, இது ஊரார் வாய்மொழி, இது கதை. யானைக் கதையைக் கதையாகச் சொன்னால் பிள்ளை ரசிக்கும். வரலாறாகச் சொன்னால் நாளைக்கு வேறொருவன் அதை உடைத்து, உண்மையான தவலக்காரரையும் சேர்த்தே பொய்யாக்கிவிடுவான். விகாரைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவதும், பிக்குவிடம் அனுமதி கேட்பதும் பாடத்தின் பகுதிதான். அவ்வூர்ச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரு நாள் கூட நடந்தால் இன்னும் நல்லது.

இதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது வாசகர்களின் கையில். அக்குறணையிலோ கலகெதரையிலோ உடுநுவரவிலோ எண்பது வயது தாண்டிய மூத்தவாப்பா, உம்மும்மா இருக்கும் வீடுகளில் போய் உட்காருங்கள். பொதி மாடு வைத்திருந்தவர் யார், எந்தத் துறையில் ஆறு கடந்தார்கள், எந்த மரத்தடியில் சோறாக்கினார்கள், பாவாதமலைக்கு யார் எப்படிப் போனார்கள் என்று கேளுங்கள். இன்றைய பெயர்களோடு அவர்கள் சொல்லும் பழைய பெயர்களையும் எழுதி வையுங்கள். அப்படி ஒரு பக்கம் கிடைத்தாலும் இந்த இதழுக்கு அனுப்புங்கள். அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். அடுத்த தவணை விடுமுறைக்கு முன் அவன் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.